பெட்டியும் முகவீணையும்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று விருத்தகிரீஸ்வரர் கோயில், மற்றொன்று பீங்கான். செராமிக் தொழிற்பேட்டைச் சூளைகளில் வெந்து வெளிவரும் பொம்மைகளும் ஃபியூஸ் கேரியர்களும் பழைய திருமுதுகுன்றத்துக்குச் 'செராமிக் நகரம்' என்ற புதுப் பெயரை வாங்கித் தந்துவிட்டன. இந்த வட்டாரத்துக்கு மூன்றாவதாக ஒரு சொத்து உண்டு. கடைத்தெருவில் தேடினால் அது கிடைக்காது. பங்குனி பிறந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், உளுந்தூர்பேட்டைப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடலுக்குப் போய் உட்கார வேண்டும்.

திடலின் ஒரு கோடியில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் நாலைந்து பேர். ஒருவர் மடியில் மிருதங்கம், இன்னொருவர் முன்னால் ஆர்மோனியம், ஒருவர் கையில் தாளம். ஓரமாக உட்கார்ந்திருப்பவர் ஒரு முழத்துக்கும் குறைவான சின்னக் குழலை வைத்துக்கொண்டு, அதன் சீவாளியை வாயில் போட்டு ஊற வைத்துக்கொண்டிருப்பார். அதுதான் முகவீணை. பெயரில் வீணை இருந்தாலும் இது ஊதுகருவி; நாதஸ்வரத்துக்குத் தம்பி என்று சொல்லலாம். அண்ணனின் கம்பீரம் இதற்குக் கிடையாது. மெல்லிசாக, கூராக, கொஞ்சம் மூக்கால் அழுவதுபோல ஒரு குரல். அந்தக் குரல் இல்லாமல் தெருக்கூத்தை நினைத்துப் பார்க்கப் பழைய ஆட்களால் முடியாது.

பெண்ணையாறு, கெடிலம், மணிமுத்தாறு, வெள்ளாறு பாயும் இந்த நிலத்துக்கு நடுநாடு என்று பெயர். சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் நடுவில் இருப்பதால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் தென்னாற்காடு என்றார்கள். 1993-ல் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரரான எழுத்தாளர் கண்மணி குணசேகரன், இந்த மண்ணின் பேச்சுக்கென்றே 'நடுநாட்டுச் சொல்லகராதி' ஒன்றைத் தொகுத்திருக்கிறார். இந்த மண்ணின் இசைக்கு அப்படி ஓர் அகராதி இன்னும் வரவில்லை. பாட்டும் மெட்டும் தாளக்கட்டும் வாத்தியார் வாயிலிருந்து சீடன் காதுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.

கூத்து தொடங்குவது கதையில் இல்லை, வாத்தியத்தில். களரி கட்டுதல் என்பார்கள். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து சொல்கட்டுகளை அடுக்கி முழங்கும்போது, பக்கத்துக் கிராமங்களில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு விளம்பரம் என்றால் அதுதான். பிறகு பிள்ளையார் பாட்டு, சரசுவதி பாட்டு, கட்டியக்காரனின் கேலி. அதன்பின் இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் கட்டை வேஷம் வந்து நிற்கும். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் காலில் சலங்கையுமாகத் துரியோதனனோ கர்ணனோ முதலில் குரலை மட்டும்தான் வெளியே அனுப்புவான்.

அப்படித் திரைக்குப் பின்னாலிருந்து பாடும் விருத்தம்தான் முகவீணைக்காரருக்குப் பரீட்சை. தாளம் கிடையாது. பாடுகிறவர் எந்த இடத்தில் இழுப்பார், எந்த இடத்தில் வெட்டுவார் என்று எழுதி வைத்த கணக்கும் கிடையாது. அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். அவர் நிறுத்திய இடத்தில் அதே சங்கதியை எடுத்துக் கொஞ்சம் நீட்டி அடுத்த அடிக்கு வழிவிட வேண்டும். திரை விலகித் தரு என்னும் பாட்டு தொடங்கியதும் தாளம் சேரும். பின்பாட்டுக்காரர்கள் கடைசி வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். வேஷக்காரர் கிரிக்கி அடித்துச் சுழலும் நேரத்தில் அவருக்குப் பாட மூச்சிருக்காது. பாட்டு அறுந்துபோகாமல் அப்போது தாங்கிப் பிடிப்பது பெஞ்சுதான்.

சுதி வேறு உச்சத்தில் இருக்கும். ஐந்து கட்டைக்குக் குறையாமல் ஆண்கள் விடிய விடியப் பாடுவதைக் கேட்ட கர்நாடக சங்கீத ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. திறந்த திடலில், மைக் இல்லாத காலத்தில், ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடியவர்களின் தொண்டை அது. சபா நாற்காலியில் உட்கார்ந்து அளக்க வேண்டிய சமாச்சாரம் அல்ல.

அர்ச்சுனன் தபசு நடக்கும் இரவில் இந்தப் பெஞ்சின் திறமை முழுதாகத் தெரியும். உயரமான ஒரு மரத்தை நட்டு, படிக்கட்டைகள் அடித்து, மேலே பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டி ஈரப் புடவையோடு பெண்கள் காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வில்வ இலையும் எலுமிச்சம்பழமும் வீசுவார். பாடுகிறவர் வானத்தில், வாசிக்கிறவர் தரையில். குரல் காற்றில் சிதறிச் சிதறி வரும். அதற்கும் முகவீணை கூடவே ஏறியாக வேண்டும்.

கருவிகளில் மிருதங்கத்துக்கு இந்த மண்ணோடு இரட்டை உறவு. பண்ருட்டிப் பலாவைப் பழமாகத்தான் பலருக்கும் தெரியும். காய்ப்பு ஓய்ந்த மரங்களின் கட்டை மிருதங்கமாகவும் வீணைக் குடமாகவும் மாறுவது அவ்வளவாகத் தெரியாது. பலா மரம் கெட்டி. நாதம் கணீரென்று வரும். வலந்தலையில் கரணை, இடந்தலையில் தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவை. கச்சேரி மேடையில் ஒரு முறை அப்பிய ரவை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குப் போதும். கூத்துத் திடலில் பனி இறங்கி, பிறகு காற்றடித்து, விடிவதற்குள் தோல் பலமுறை மனம் மாறும். வாசிக்கிறவர் வேஷக்காரர்கள் வசனம் பேசும் இடைவெளியில் கல்லால் தட்டித் தட்டிச் சுதியை இழுத்துக் கொண்டுவருவார்.

இந்த அணியில் ஆர்மோனியம் மட்டும் வெளிநாட்டுக்காரர். ஊர்ப் பேச்சில் அது 'பெட்டி'. பாரிஸ் நகரத்தில் அலெக்சாந்தர் தெபேன் 1842-ல் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியம் காலால் மிதிக்கிற பெரிய சாமான். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-ஐ ஒட்டி அதைக் கையால் துருத்தி அடிக்கும் சின்னப் பெட்டியாக மாற்றினார். தரையில் சப்பணம் போட்டு உட்காரும் தேசத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பார்சி நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றி, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தமிழ் நாடக மேடையில் நிலைத்து, கடைசியில் கூத்துப் பெஞ்சிலும் இடம் பிடித்தது.

படித்தவர்கள் அதை அவ்வளவு லேசாக விடவில்லை. இந்திய இசையின் கமகத்தைப் பெட்டியின் கட்டைகளால் காட்ட முடியாது என்பது குற்றச்சாட்டு. தாகூருக்கே அதைப் பிடிக்காது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, தளர்த்தியது 1971-ல். அந்த முப்பது வருஷமும் தென்னாற்காட்டுத் திடல்களில் பெட்டி பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. தடை என்று ஒன்று இருப்பதே பல வாத்தியார்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். பெட்டியால் காட்ட முடியாத குழைவைக் காட்டத்தான் பக்கத்தில் முகவீணை இருக்கிறதே! ஒன்று சுதியை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்று அதன்மேல் வளைந்து நெளிய, இரண்டும் சேர்ந்து ஒரு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

கடல் தாண்டி இதேபோல ஒரு ஜோடி உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதி, குறிப்பாக வர்ஜீனியாவும் வட கரோலினாவும் சேரும் இடம். அங்கே உழவர்களும் மரம் வெட்டுகிறவர்களும் வாசித்து ஆடிய பழைய இசைக்குப் பிடிலும் பான்ஜோவும்தான் ஆதாரம். பிடில் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு வந்தது. பான்ஜோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் கைப்பழக்கத்தில் பிறந்தது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திக் கழி செருகிய அதன் மூத்த உறவான அகோன்டிங் காம்பியா, செனகல் பக்கம் இன்றும் வாசிக்கப்படுகிறது. இரண்டுமே வந்தேறிகள், இரண்டும் சேர்ந்ததும் மலையின் சொந்தச் சத்தமாகிவிட்டன.

பிடில் நமக்கும் புதிதில்லை. ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரரிடம் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை எடுத்துக்கொண்டார். நம்மவர்கள் அதைக் கணுக்காலில் சாய்த்து உட்கார்ந்து வாசித்தார்கள். மலைக்காரர்கள் தாடையில் வைக்காமல் மார்பில் தாழ்த்திப் பிடித்தார்கள். சிலர் பாம்பின் கிலுகிலுப்பை வாலை அறுத்துப் பிடிலுக்குள் போட்டு வைப்பார்கள், ஒலி நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. பான்ஜோவில் தோல் ஈரத்தில் தொய்ந்தால் நெருப்பருகில் காட்டுவார்கள். நம் ஊரில் பறையைக் காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நடந்த ஒரு விஷயம் இங்கே யோசிக்க வைக்கிறது. 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கிராமத்து இசையை விற்கத் தொடங்கியபோது, வெள்ளையர் வாசித்ததை ஒரு பெயரிலும் கறுப்பினத்தவர் வாசித்ததை வேறு பெயரிலும் பிரித்து விற்றன. ஒரே ஊரில் ஒரே பாட்டை வாசித்தவர்கள் இரண்டு பட்டியலில் போனார்கள். கொஞ்ச காலத்தில் பான்ஜோ கறுப்பர்களின் வாத்தியம் என்பதே பொதுஜனத்துக்கு மறந்துபோனது. வட கரோலினாவின் ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில்காரர் (1918-2012) குடும்பத்தில் கற்றதை விடாமல் வைத்திருந்தார். அவரிடம் போய்க் கற்ற இளைஞர்கள் 2005-ல் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவைத் தொடங்கி, 2011-ல் கிராமி விருதும் வாங்கினார்கள்.

நடுநாட்டில் பட்டியல் போடக் கம்பெனி வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சாதியே அந்த வேலையைச் செய்தது. எந்தத் தெருவில் எந்தக் கூத்து, எந்த வாத்தியம் எந்தக் கையில் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயங்கள். விருத்தாசலத்தில் வசிக்கும் எழுத்தாளர் இமையம் 2006-ல் எழுதிய 'செடல்' நாவல் இதைக் கூசாமல் பேசுகிறது. பொட்டுக்கட்டி விடப்பட்ட ஒடுக்கப்பட்ட வீட்டுச் சிறுமி ஒருத்தி வளர்ந்து கூத்தாடியாகும் கதை. ஆட்டத்துக்கு ஊர் கைதட்டும், ஆடுகிறவளுக்கு ஊர் என்ன மரியாதை தரும் என்பதை அந்த நாவல் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. கூத்து இசையின் பெருமையைப் பாடும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நழுவிவிடும். விருத்தாசலம் கோயில் கோபுரத்தில் கரணச் சிற்பங்கள் உண்டு. ஒரு நடன மரபைக் கல்லில் அடித்து வைத்துக் காப்பாற்ற அரசர்கள் இருந்தார்கள். புழுதியில் ஆடியவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

காலம் மாறியபோது கூத்தைக் கவனிக்கச் சிலர் வந்தார்கள். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோன நாடகாசிரியர் ந.முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயர் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பரவியது. 1990-ல் காஞ்சிபுரத்தில் பெ.ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். ராஜகோபாலும் நெதர்லாந்துக்காரரான ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய குருகுலம் 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் இயங்கியது. பள்ளிப் பாடத்தோடு கூத்தும் வாத்தியமும் சொல்லித் தந்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆண்கள் மட்டுமே பெண் வேஷம் கட்டிவந்த மரபில் அது சின்ன மாற்றமில்லை. 2016-ல் பாரிஸின் தியாத்ர் து சொலேய் குழு 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தில் தெருக்கூத்துக் காட்சிகளை வைத்தது. பிரெஞ்சு நடிகர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போனவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன்.

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் வடக்கே, காஞ்சிபுரம் - செய்யாறு வட்டாரத்தைச் சேர்ந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாணியிலும் வடக்கத்தி, தெற்கத்தி என்று வேறுபாடு உண்டு. செஞ்சிக்குத் தெற்கே, பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழுக்களுக்கு அந்த வெளிச்சம் விழுந்தது குறைவு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஆல்ஃப் ஹில்டபெய்டலும் ரிச்சர்ட் ஃப்ராஸ்காவும் திரௌபதி வழிபாட்டையும் பாரதக் கூத்தையும் பற்றி எழுதிய புத்தகங்கள் 1988-க்கும் 1991-க்கும் இடையில் வந்தன. தமிழ் வாசகர் கையில் அதற்கு ஈடாக எளிதில் கிடைக்கும் புத்தகம் எத்தனை?

ஆட்டத்துக்கும் ஒப்பனைக்கும் கிடைத்த கவனம் பெஞ்சுக்குக் கிடைக்கவில்லை. புகைப்படக்காரர்கள் கட்டை வேஷத்தைப் படமெடுப்பார்கள். முகவீணைக்காரர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பார். இன்றைக்குக் குழுக்காரர்கள் பலரும் சொல்லும் சிக்கல் முகவீணைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதுதான். கற்றுக்கொள்ள வருஷங்கள் பிடிக்கும் வாத்தியம். சீவாளி தானாக ஒத்துழைக்காது. ஒவ்வொன்றையும் வாயில் வைத்துப் பழக்க வேண்டும். இரவெல்லாம் ஊத நுரையீரல் வேண்டும். இத்தனையும் பழகினால், பருவத்தில் சில மாதங்கள் வேலை; ஐப்பசி அடைமழையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் எலக்ட்ரானிக் கீபோர்டு இருக்கிறது. ஒரு பொத்தானில் நாதஸ்வரம், இன்னொன்றில் வயலின். சினிமா மெட்டு கேட்டால் உடனே தரும். எந்தக் குழுவுக்கும் கணக்குப் பார்க்கும்போது கை அந்தப் பக்கம்தான் போகும்.

வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து வந்த பெட்டியை ஏற்றுக்கொள்ளக் கூத்து யாரையும் கேட்கவில்லை. உள்ளூரிலேயே பிறந்த முகவீணையைக் காப்பாற்றத்தான் இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதனால் கீபோர்டைத் திட்டுவதில் பயனில்லை. பெட்டி வந்தபோதும் பெரியவர்கள் சிலர் முணுமுணுத்திருக்கத்தான் வேண்டும். ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெட்டி முகவீணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கீபோர்டு அதன் இடத்தில் உட்காருகிறது. விருத்தத்தில் பாடுகிறவரின் மூச்சுக்குப் பின்னால் போகும் வேலையைப் பொத்தான் செய்யாது. பாடுகிறவர்தான் பொத்தானுக்குப் பின்னால் போக வேண்டிவரும். பாட்டின் நடையே மாறிப்போகும்.

அப்பலாச்சியாவில் இதற்கு என்ன செய்தார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தொடர்ச்சியாகச் செய்தார்கள். வர்ஜீனியாவின் கேலக்ஸ் என்ற சிற்றூரில் 1935-ல் தொடங்கிய பிடில்காரர்கள் போட்டி இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. மேடையில் பரிசுக்கு வாசிப்பது ஒரு பக்கம் இருக்க, திடலெங்கும் கூடாரம் அடித்துத் தங்கி, முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக உட்கார்ந்து விடியும்வரை சேர்ந்து வாசிப்பதற்காகவே பலர் வருகிறார்கள். வட கரோலினாவின் டாமி ஜாரெல் (1901-1985) வாழ்க்கையின் பெரும்பகுதி நெடுஞ்சாலைத் துறையில் சாலை போடும் இயந்திரம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டிய இளைஞர்களை உள்ளே அழைத்துச் சோறு போட்டு வாசித்துக் காட்டினார். 1982-ல் அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதை முதன்முறையாக வழங்கியபோது பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவருடைய வில்லடியைப் பிரதி எடுத்துப் பழகியவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

நடுநாட்டில் அதற்குத் தேவையான திருவிழாவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சித்திரையில் கூவாகத்தில் பதினெட்டு நாள் கூத்தாண்டவர் விழா நடக்கிறது. பத்திரிகைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளின் கூட்டத்தை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊரே வரி போட்டு நடத்துகிறது. கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம்: மண்ணால் செய்து தரையில் கிடத்திய மாபெரும் துரியோதனன் மேல் வேஷக்காரர்கள் ஏறி நிற்க, திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. இத்தனை கூட்டமும் செலவும் பக்தியும் ஏற்கெனவே இருக்கின்றன. வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போது, 'முகவீணை உண்டா?' என்று விழாக் குழு ஒரு வார்த்தை கேட்டால் போதும், குழுக்காரர் எங்கேயாவது தேடிப்பிடித்து ஆளைக் கூட்டி வருவார். கேட்பவர் இருந்தால்தான் கற்பவர் வருவார்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் துகில் உரிதலைத் தேர்ந்தெடுப்பது வழக்கம், கூட்டம் அதற்குத்தான். இசைக்காகப் போகிறவர்களுக்குக் கர்ண மோட்சம் நல்லது. பாரதத் திருவிழாவில் மட்டுமில்லாமல், இறந்தவர் வீட்டுக் காரியத்தின்போதும் இதை ஆட விடுவதுண்டு. ஆகவே திருவிழாப் பருவம் தாண்டியும் சில சமயம் எங்கேயாவது கேட்கக் கிடைக்கும். போருக்குக் கிளம்பும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வாக்குவாதம் செய்யும் கட்டம் நள்ளிரவுக்கு மேல் வரும். முகாரி கேட்கத் தொடங்கினால் அந்த இடம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒலிபெருக்கிக்கு எதிரே உட்காராமல் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், முகவீணைக்காரரின் விரல்கள் தெரியும் தூரத்தில் பாயை விரித்துக்கொள்வது உத்தமம். டீக்கடை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.